பண்ணையில் வளர்ந்த மீனை வாங்கலாமா?

பெங்களூரு சி.வி. ராமன் நகரில் வசிக்கும் தமிழ்க் குடும்பத் தலைவி ஒருவர் கேட்டிருக்கும் கேள்வியின் சாரம் இது. வாரந்தோறும் சிவாஜி நகர் ரசல் மார்க்கெட்டில் கட்லாவோ ரோகுவோ வாங்குவது அவர்கள் வீட்டு வழக்கம். கல்லூரியில் படிக்கும் மகள், தொட்டிக்குள் கோழிக்கழிவைக் கொட்டி மீன் வளர்க்கும் காணொளி ஒன்றைப் பார்த்ததிலிருந்து, வளர்ப்பு மீன் இனி இந்த வீட்டுக்குள் வரக்கூடாது என்கிறாள். நாகப்பட்டினத்தில் பிறந்து வளர்ந்த மாமியாரோ, வளர்ப்பு மீனில் சேற்று வாடை அடிக்கிறது என்று சொல்லிக் கடல் மீனைத் தவிர வேறெதையும் தொடுவதில்லை. கடைக்காரர் எதைக் காட்டிக் கேட்டாலும் "டேம் மீன்மா, காலையிலதான் வந்துச்சு" என்கிறார். வளர்க்கப்படும் விதத்தை எண்ணிப் பார்த்தால் இந்த மீனை உண்பது சரிதானா என்று அவர் கேட்கிறார்.

மீன்வளத் துறையில் பணியாற்றியவன் என்ற முறையில் முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். கட்லா, ரோகு, மிருகால் ஆகிய மூன்றையும் தாராளமாக வாங்கலாம். ஆப்பிரிக்கக் கெளுத்தியை எந்த விலைக்கும் வாங்க வேண்டாம். பண்ணை இறாலை அரிதாக உண்பது நல்லது, அதற்குக் காரணம் உங்கள் உடல்நலம் மட்டுமன்று. வளர்ப்பு மீனா, கடல் மீனா என்று கோடு கிழிப்பதைவிட, அந்த மீன் எதைத் தின்று வளர்ந்தது, அதை வளர்த்ததற்கான விலையை யார் கொடுத்தார்கள் என்று பார்ப்பது பயனுள்ளது என்பதே என் கருத்து. இனி விளக்கமாகச் சொல்கிறேன்.

வளர்ப்பு மீனை முற்றாக ஒதுக்குவது இன்று எளிதில்லை. உலக அளவில் 2022ஆம் ஆண்டில் முதன்முறையாக, பிடிக்கப்பட்ட மீனைவிட வளர்க்கப்பட்ட மீன் கூடுதலாக இருந்ததாக ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பு கணக்கிட்டது. இந்தியாவில் 2022-23இல் கிடைத்த ஏறத்தாழ 175 லட்சம் டன் மீனில் 131 லட்சம் டன் உள்நாட்டு நீர்நிலைகளிலிருந்து வந்தது, அதில் பெரும்பகுதி குளங்களில் வளர்ந்தது. பெங்களூரைப் போலக் கடற்கரையிலிருந்து முந்நூறு கிலோமீட்டருக்கும் மேல் தள்ளியிருக்கும் ஊரில், நடுத்தரக் குடும்பம் வாரம் தவறாமல் மீன் வாங்க முடிகிறதென்றால் அதற்கு ஆந்திரக் குளங்களே முதன்மைக் காரணம். 1957 ஜூலை 10ஆம் நாள் மீன்வள விஞ்ஞானி ஹிராலால் சௌத்ரி ஒடிசாவில் கெண்டை மீன்களுக்குப் பிட்யூட்டரி சுரப்பிச் சாற்றை ஊசி மூலம் செலுத்தி முட்டையிட வைத்தார். அதற்கு முன்பு மீன்குஞ்சு வேண்டுமானால் ஆற்று வெள்ளத்தில் வலைகட்டி அரித்துத்தான் எடுக்க வேண்டும். அந்த நாளையே இன்று தேசிய மீன் விவசாயிகள் தினமாகக் கொண்டாடுகிறார்கள்.

உங்கள் தட்டுக்கு வரும் கட்லா எப்படி வளர்கிறது என்று பார்ப்போம். கிருஷ்ணா, கோதாவரி டெல்டாக்களில் கைகலூர், ஆக்கிவீடு, பீமாவரம் சுற்றுவட்டாரத்தில் கண்ணுக்கெட்டிய தூரம் வரை வரப்பு கட்டிய மண் குளங்கள் இருக்கின்றன. குளத்து நீரில் சாணமோ கோழி எருவோ சூப்பர் பாஸ்பேட்டோ இட்டால் நீர் பச்சையாகி மிதவை உயிரிகள் பெருகும். கட்லா மேல்மட்டத்தில் அந்த நுண்ணுயிரிகளை வடிகட்டித் தின்னும், ரோகு நடுமட்டத்தில் மேயும், மிருகால் அடிமட்டத்தில் மக்கியதைக் கிளறித் தின்னும். இவற்றுக்கு மேல் எண்ணெய் எடுத்த தவிடும் புண்ணாக்கும் தீவனமாகக் கொடுக்கிறார்கள். பழைய உரச்சாக்குகளில் வரிசையாகத் துளையிட்டு, தவிட்டை நிரப்பி, குளத்தின் குறுக்கே நட்ட கம்புகளில் நீருக்குள் முங்கும்படி கட்டித் தொங்கவிடுகிறார்கள். காலையில் சிறு படகில் போய்ச் சாக்குகளைக் கட்டினால், மீன்கள் அந்தத் துளைகளில் வாய்வைத்து உறிஞ்சி மதியத்துக்குள் சாக்கை ஏறக்குறையக் காலி செய்துவிடும். மீனை மீனுக்கே இரையாக்காமல், அரிசி ஆலையின் மிச்சத்தைப் புரதமாக மாற்றித் தரும் இந்த முறையைவிடச் சிக்கனமான இறைச்சி உற்பத்தி நம் நாட்டில் வேறு எதுவும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

இதில் பழுதே இல்லையா என்றால், இருக்கிறது. அதே ஆந்திர டெல்டாவிலுள்ள கொல்லேறு ஏரியின் கதை அதற்குச் சாட்சி. கூழைக்கடாக்கள் கூடும் அந்த நன்னீர் ஏரி 1999இல் வனவிலங்கு சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2002இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த சதுப்பு நிலங்களின் ராம்சார் பட்டியலிலும் இடம்பெற்றது. அதற்கு முன்பே ஏரிப் படுகையின் பெரும்பகுதியை வரப்பு கட்டி மீன்குளங்களாக்கிவிட்டிருந்தார்கள். 2006இல் அரசு அந்த வரப்புகளை வெடிவைத்தும் இயந்திரங்களைக் கொண்டும் உடைத்தது, ஆனால் சில ஆண்டுகளில் குளங்கள் மீண்டும் தலைகாட்டின. இன்னொரு குறை, மீன் பேன். செதிலில் ஒட்டிக்கொண்டு இரத்தம் உறிஞ்சும் இந்த ஒட்டுண்ணி குளத்தில் புகுந்தால், விவசாயி கடையில் கிடைக்கும் பூச்சிமருந்தை வாங்கி நீரில் கலந்துவிடுகிறார். மருந்திட்டபின் எத்தனை நாள் கழித்து அறுவடை செய்ய வேண்டும் என்ற ஒழுங்கு பல இடங்களில் காற்றில் விடப்படுகிறது. இதைச் சொல்லாமல் கெண்டை மீனை மட்டும் புகழ்ந்தால் அது நேர்மையாகாது. ஆனாலும் காய்கறியில் நாம் அன்றாடம் ஏற்றுக்கொண்டிருக்கும் ஆபத்தைவிட இது பெரியது என்று என்னால் சொல்ல முடியாது.

உங்கள் மகள் பார்த்த காணொளிக்கு வருவோம். கோழிக்கடைக் கழிவையும் குடலையும் தொட்டியில் கொட்டுவது அநேகமாக ஆப்பிரிக்கக் கெளுத்தி வளர்ப்பாகவே இருக்கும். அந்த மீன் எதையும் தின்னும், காற்றை நேரடியாகச் சுவாசிக்கும் உறுப்பு அதற்கு இருப்பதால் நாறிய நீரிலும் உயிரோடிருக்கும், சில மாதங்களிலேயே கிலோக்கணக்கில் எடை ஏறும். அதனால்தான் முதலீடு குறைந்தவர்களை அது இழுக்கிறது. குளத்திலிருந்து தப்பி ஆற்றில் சேர்ந்தால் நாட்டு மீன்களின் குஞ்சுகளையெல்லாம் தின்று தீர்த்துவிடும் என்பதால் இந்தியாவில் அதை வளர்ப்பதற்குப் பல ஆண்டுகளாகவே தடை இருக்கிறது. தடை இருந்தும் பெங்களூரைச் சுற்றிலும் ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கத்திலும் மறைவாக வளர்க்கிறார்கள், அவ்வப்போது அதிகாரிகள் குளங்களை அழிக்கிறார்கள். தெருவோரத்தில் அகன்ற பிளாஸ்டிக் தொட்டியில், அடியளவு நீரில், ஒன்றன்மேல் ஒன்றாக நெளியும் கருஞ்சாம்பல் நிற மீசை மீனை நீங்கள் பார்த்திருப்பீர்கள். உயிருள்ள மீன், அதனால் புத்தம் புதிது என்று நம்பி வாங்குகிறார்கள், சிலர் நாட்டுத் தேளி என்று சொல்லியே விற்கிறார்கள். நாட்டுத் தேளி அரைக் கிலோவைத் தாண்டுவதே அபூர்வம். ஆகவே ஒரே மீன் ஒன்றரைக் கிலோ, இரண்டு கிலோ இருந்தால் அது நாட்டு மீன் இல்லை. இந்த ஒரு மீனைப் பொறுத்தவரை உங்கள் மகள் சொல்வது முழுக்கச் சரி.

கடல் மீன் மட்டும் என்ற மாமியாரின் நிலைப்பாட்டில் சுவை நியாயம் இருக்கிறது, மற்ற நியாயங்கள் அவர் நினைக்கும் அளவுக்கு இல்லை. மங்களூரு, மால்பே துறைகளிலிருந்து போகும் பெரிய விசைப்படகுகள் பத்து நாள் வரை கடலில் தங்கிப் பிடிக்கின்றன. முதல் நாள் வலையில் விழுந்த மீன் அத்தனை நாளும் படகின் பனிக்கட்டி அறையில் கிடந்துவிட்டுத்தான் பெங்களூருக்கு லாரி ஏறுகிறது. ஆந்திரத்திலிருந்து பனிக்கட்டியில் அடுக்கிவரும் கட்லா, அறுவடையானதிலிருந்து பார்த்தால், பெரும்பாலும் அதைவிடப் புதியது. மேற்குக் கரையில் ஜூன், ஜூலை மாதங்களிலும், கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலும் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். அந்த நாட்களில் "இன்று வந்த வஞ்சரம்" என்று யாராவது சொன்னால் கொஞ்சம் யோசித்து வாங்குங்கள். பெரிய சுறா, மயில்மீன் போன்ற, மற்ற மீன்களைத் தின்று வாழும் பெருமீன்களில் பாதரசம் சேர்கிறது என்பதும் தெரிந்த செய்தி. கருவுற்ற பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் அவற்றைக் கொடுக்காமலிருப்பது நல்லது. தாவரத்தையும் மிதவை உயிரியையும் தின்று ஓராண்டில் அறுவடையாகும் கெண்டையில் அந்தச் சிக்கல் மிகக் குறைவு.

கடல் மீனிலேயே நான் மனமார வாங்கச் சொல்வது மத்தியும் நெத்திலியும்தான். மலிவானவை, குறுகிய ஆயுள் கொண்டவை, ஒமேகா-3 கொழுப்பு கெண்டையைவிடப் பன்மடங்கு உள்ளவை. ஆனால் கர்நாடகக் கரையில் பிடிபடும் மத்தியில் கணிசமான பங்கு மனிதர் வயிற்றுக்குப் போவதில்லை. மங்களூரு முதல் கார்வார் வரை உள்ள மீன்தூள் ஆலைகளுக்குப் போய், அரைபட்டு, இறால் தீவனத்துக்கும் பண்ணையில் வளர்க்கும் கடல்மீன்களின் தீவனத்துக்கும் மூலப்பொருளாகிறது. இழுவலையில் சிக்கும் வளராத குஞ்சு மீன்களும் அதே வழியில் போகின்றன. ஏழை வீட்டுக் குழம்புக்கு வரவேண்டிய மீன், பணக்கார நாட்டு மேசைக்குப் போகும் இறாலாக உருமாறுகிறது. ஊனுண்ணும் உயிரினங்களை வளர்ப்பதில் எனக்குள்ள முதல் மனத்தடை இதுதான்.

இறாலைப் பற்றி மாமியாரிடமே கேட்டுப் பாருங்கள், அவர் ஊரில் அது பெரிய கதை. 1990களின் தொடக்கத்தில் அன்றைய தஞ்சை, நாகைக் கடலோரத்தில் நெல் வயல்களை வாங்கி உவர்நீர் பாய்ச்சி இறால் பண்ணைகள் அமைத்தார்கள். பக்கத்து வயல்கள் உப்பேறின, குடிநீர்க் கிணறுகள் கரித்தன, விவசாயக் கூலி வேலை போயிற்று, மீனவர்கள் கடலுக்குப் போகும் வழிகள் அடைபட்டன. நிலமற்றோருக்காகப் போராடிவந்த சர்வோதயத் தொண்டர் எஸ். ஜெகந்நாதன் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் இருக்கும் பண்ணைகளை அகற்ற வேண்டும் என்று 1996 டிசம்பர் 11ஆம் நாள் தீர்ப்பு வந்தது. அவரும் அவர் துணைவியார் கிருஷ்ணம்மாளும் முன்னின்று நடத்திய அந்தப் போராட்டத்தின் பலன் முழுமையாக நிலைக்கவில்லை. 2005இல் நாடாளுமன்றம் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டத்தைக் கொண்டுவந்து, பதிவு பெற்ற பண்ணைகள் தொடர வழி செய்தது. வெண்புள்ளி வைரஸ் நோயால் வரி இறால் வளர்ப்பு நொடிந்தபின், 2009இல் அமெரிக்கக் கண்டத்து வனாமி இறாலுக்கு அனுமதி கிடைத்தது. இன்று பெங்களூரு சூப்பர் மார்க்கெட்டுகளில் உறைநிலைப் பொட்டலத்தில் கிடைப்பது பெரும்பாலும் அந்த வனாமிதான்.

இறால் குஞ்சு எங்கிருந்து வருகிறது என்பதும் பலருக்குத் தெரியாது. பொரிப்பகத்தில் தாய் இறால் விரைவாக முட்டையிட வேண்டும் என்பதற்காக அதன் ஒரு கண்ணின் காம்பை நசுக்கியோ கட்டியோ நீக்கிவிடுகிறார்கள். முட்டை முதிர்வதைத் தடுக்கும் ஹார்மோன் அந்தக் காம்பில்தான் சுரக்கிறது. தொழிலில் இது அன்றாட வேலை. வளர்க்கும் விதத்தை எண்ணித் தயங்குகிறவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டிய விவரம் இது, ஆனால் நான் பார்த்தவரை எந்தக் காணொளியும் இதைக் காட்டுவதில்லை.

மருந்து எச்சம் பற்றிய அச்சத்துக்கும் அடிப்படை உண்டு. குளோராம்பெனிக்கால், நைட்ரோபியூரான் வகை ஆன்டிபயாட்டிக்குகளை நீர்வாழ் உயிரின வளர்ப்பில் பயன்படுத்த இந்தியாவில் தடை உள்ளது. ஆயினும் அவற்றின் எச்சம் கண்டுபிடிக்கப்பட்டு நம் இறால் சரக்குகள் வெளிநாட்டுத் துறைமுகங்களில் திருப்பி அனுப்பப்பட்டிருக்கின்றன. 2016இல் ஐரோப்பிய ஒன்றியம், இந்திய வளர்ப்பு இறால் சரக்குகளில் சோதிக்கப்படும் பங்கைப் பத்து விழுக்காட்டிலிருந்து ஐம்பதாக உயர்த்தியது. நைட்ரோபியூரானின் எச்சம் கொதிக்க வைத்தாலும் போகாது. ஏற்றுமதிக்குப் போகும் சரக்கு இத்தனை வடிகட்டிகளைக் கடந்தாக வேண்டும், உள்ளூர்ச் சந்தைக்கு வருவதற்கு அந்தக் கெடுபிடி இல்லை. வெளிநாட்டான் வயிற்றுக்கு ஒரு நீதி, நம் வயிற்றுக்கு இன்னொரு நீதி என்ற இந்த நிலை எனக்கு நெடுநாள் ஆதங்கம். நெருக்கமாக வளர்க்கப்படும் உயிரினத்துக்கே நோயும் மருந்தும் அதிகம் என்பதால், மண் குளத்தில் பரவலாக விடப்படும் கெண்டை இந்தக் கணக்கிலும் தப்பிக்கிறது.

"டேம் மீன்" என்பது முழுப் பொய்யும் இல்லை. கபினி, துங்கபத்ரா, மேட்டூர் போன்ற நீர்த்தேக்கங்களில் விரலளவுக் குஞ்சுகளை விட்டு, தீவனம் எதுவும் போடாமல், வளர்ந்தபின் வலைவீசிப் பிடிக்கிறார்கள். கிடைத்தால் அதைவிட நல்லது இல்லை. ஆனால் பெங்களூருச் சந்தையில் மலைபோலக் குவியும் கட்லா அத்தனையையும் அணைகள் கொடுத்திருக்க முடியாது. உண்மையில் நீங்கள் அஞ்ச வேண்டியது "இங்கேயே ஏரியில் பிடித்தது" என்று விற்கப்படும் மீனைத்தான். பெள்ளந்தூர் ஏரி நுரை பொங்கித் தீப்பிடித்ததை உலகமே பார்த்தது. 2016 மார்ச்சில் அல்சூர் ஏரியில் ஆயிரக்கணக்கான மீன்கள் செத்து மிதந்தன. வீட்டுச் சாக்கடையை மட்டும் கொண்டு ஒழுங்காக மீன் வளர்க்க முடியும், கிழக்குக் கொல்கத்தா சதுப்பு நிலத்தில் பல பத்தாண்டுகளாக அப்படித்தான் வளர்க்கிறார்கள். ஆனால் தொழிற்சாலைக் கழிவும் கலக்கும் பெங்களூரு ஏரிகளில் உலோகங்கள் மீனின் உடலில் தங்கிவிடும், கழுவியோ சமைத்தோ அவற்றைப் போக்க முடியாது.

மீன் கெடாமலிருக்கச் சிலர் தடவும் பார்மலின் என்ற ரசாயனத்தைப் பற்றியும் ஒரு சொல். 2018இல் கேரளச் சோதனைச் சாவடிகளில் பார்மலின் தடவிய மீன் டன் கணக்கில் பிடிபட்டதிலிருந்து அந்தப் பயம் வளர்ப்பு மீன்மேல் ஏறிக்கொண்டது. அது வளர்ப்பில் நேரும் குற்றம் இல்லை, பனிக்கட்டிச் செலவை மிச்சப்படுத்த நினைக்கும் வியாபாரத்தில் நேர்வது. கடல் மீனிலும் அதேபோல் நடக்கிறது. கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் இதைக் கண்டறியச் சோதனைப் பட்டைகளை உருவாக்கியிருக்கிறது. பட்டை கையில் இல்லாவிட்டால் செவுளைத் தூக்கிப் பாருங்கள். செக்கச் சிவந்து வழவழப்பாக ஈரத்தோடு இருக்க வேண்டும். மீன் விறைத்துக் கட்டையாக இருந்து, செவுள் வெளுத்து உலர்ந்து, மீன் வாடையே இல்லாமல் ஈயும் அண்டாமல் கிடந்தால் நகர்ந்துவிடுங்கள்.

பாசா என்று உறைநிலைத் துண்டுகளாகக் கிடைப்பது பங்காசியஸ் என்ற வளர்ப்புக் கெளுத்தி இனம். கெடுதல் இல்லை, ஆனால் ஒமேகா-3 மிகக் குறைவு, உறைபனிப் பூச்சும் ஏற்றிய நீரும் சேர்ந்து எடை கூடியிருக்கும், காசு அதற்கும் சேர்த்துத்தான் போகிறது. நார்வே சால்மனை விமானத்தில் வரவழைத்துத் தின்ன ஒரு காரணமும் எனக்குத் தெரியவில்லை, மத்தி இருக்கிறது.

மீனுக்கு வலிக்குமா என்ற கேள்வி உங்கள் மகள் மனத்தில் இருக்கக்கூடும். 2003இல் ஸ்காட்லாந்தில் லின் ஸ்னெடன் என்ற ஆய்வாளரின் குழு டிரவுட் மீன்களின் உதட்டில் அமிலத்தைச் செலுத்தியது. அவை உடலை ஆட்டிக்கொண்டு உதட்டைச் சரளைக்கல்லில் தேய்த்தன, மார்ஃபின் கொடுத்ததும் அந்த நடத்தை குறைந்தது. வலிக்காது என்று அடித்துச் சொல்ல இனி இடமில்லை. இதை முன்னிட்டு அவள் மீனையே விட்டால் அது மதிக்கத்தக்க முடிவு, வாதிட வேண்டாம். ஆனால் மீனை விட்டுப் பண்ணைக்கோழிக்கு மாறினால் அவள் நோக்கம் நிறைவேறாது. பல மாதம் மண் குளத்தில் நீந்தி வளரும் ரோகுவின் வாழ்வு, ஆறு வாரத்தில் கொல்லப்படும் பிராய்லரின் வாழ்வைவிட எவ்வளவோ மேல். அடியளவு நீரில் நாள் முழுதும் துடிக்கும் மீனை உயிரோடு வெட்டித் தரச் சொல்வதை விடுத்து, பனிக்கட்டியில் வந்த மீனை வாங்குவது அவளுக்கும் உறுத்தலைக் குறைக்கும்.

மாமியாரின் சேற்று வாடைக்குக் காரணம் சேறு அன்று. நீலப்பசும்பாசியும் வேறு சில நுண்ணுயிர்களும் உண்டாக்கும் ஜியோஸ்மின் என்ற பொருள் மீனின் கொழுப்பில் சேர்வதால் வருவது அது. முதல் மழையில் மண்ணிலிருந்து எழும் மணமும் அதே பொருள்தான். தோலிலும் வயிற்றுப் பகுதியிலும் அது அதிகம் தங்கும். வயிற்றின் உட்புறக் கருஞ்சவ்வையும் கொழுப்பையும் சுரண்டி எடுத்துவிட்டு, கல்லுப்பும் மஞ்சளும் போட்டுத் தேய்த்து, புளிக்கரைசலில் அரைமணி நேரம் ஊறவைத்துக் கழுவினால் பெரிதும் அடங்கிவிடும், ஜியோஸ்மின் புளிப்பில் சிதையக்கூடியது. கோடையில் பாசி கூடுவதால் வாடையும் கூடும், ஆகவே அவருக்கு முதலில் மார்கழி, தை மாதங்களில் வாங்கிய ரோகுவில் குழம்பு வைத்துக் கொடுத்துப் பாருங்கள்.